பேட்டரி இல்லாத மண் மீட்டர்: சுண்ணாம்பு இறுகிய சுக்கான் காட்டுக்கு ஒத்துவருமா?

இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'மூன்று வேலைக்கு ஒரே கருவி' வகை இது. இரண்டு கம்பி, ஒரு முள், ஈரம், வெளிச்சம், பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மை) என்று மாற்ற ஒரு ஸ்விட்ச். பேட்டரி கிடையாது. கம்பிகள் இரண்டும் வெவ்வேறு உலோகம். ஈர மண்ணில் அவற்றுக்கிடையே உண்டாகும் மின்னோட்டம்தான் முள்ளைத் தள்ளுகிறது. கோளாறும் அதில்தான்.

ஒரு டம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் கம்பியை விடுங்கள். முள் அவ்வளவாக அசையாது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் 'நல்ல ஈரம்' பக்கம் பாயும். மழை மிகுந்த மலைச்சரிவில் உப்பு கழுவிக்கொண்டு போய்விடுவதால் இது பெரிய குறையில்லை. கோவை, திருப்பூர், தூத்துக்குடி மாதிரி வறண்ட பக்கங்களில் பெய்யும் மழையைவிட வெயில் இழுக்கும் நீர் அதிகம். அங்கே உப்பு மண்ணிலேயே தங்கி முள்ளை ஏமாற்றும். சுண்ணாம்பும் அப்படித்தான் தங்குகிறது. சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீருக்கு ஓரளவு ஆழத்துக்குமேல் போக வலுவிருக்காது. வேரும் வெயிலும் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு அங்கேயே தங்குகிறது: முதலில் வெள்ளை இழை, பிறகு முண்டு, பல்லாயிரம் ஆண்டு போனால் கடப்பாரை இறங்காத சுக்கான். மழை குறைந்த இடத்தில் இந்தப் படிவம் இன்னும் மேலேயே நிற்கும்.

இப்படிப்பட்ட மண்ணின் பி.எச். பெரும்பாலும் 8 முதல் 8.4 வரை. இந்த மீட்டர்கள் பலவற்றில் அளவுகோலே 8-இல் முடிந்துவிடுகிறது! 8.5-ஐத் தாண்டினால் சோடியம் ஏறிய களர் என்று சந்தேகிக்க வேண்டும். விவசாயிக்குத் தெரியவேண்டிய அந்த வித்தியாசத்தை இந்த முள்ளால் காட்டவே முடியாது. இந்த மீட்டருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று, அதுவும் வெளிச்சம் காட்டுவதற்காக.

அதே வேலைக்கு பி.எச். பேனாவும் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) பேனாவும் தனித்தனியாக வாங்கலாம். உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 50 மி.லி.; அரை மணி நேரம் அவ்வப்போது கலக்குங்கள். பி.எச். பேனாவை 6.86, 9.18 பஃபர்களில் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்கள்) சரிபார்த்தபின் கலக்கிய நிலையிலேயே அளக்க வேண்டும். இ.சி.-யைத் தெளிந்த நீரில் பாருங்கள். 1 dS/m-க்குள் (mS/cm என்றாலும் அதே அளவுதான்) இருந்தால் உப்புத் தொல்லை இல்லை. பேனா முனை காய்ந்தால் கெட்டுவிடும், மூடியில் அதற்குரிய கரைசல் இருக்கட்டும். சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறிய 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு போதும், நுரைக்கும். கையுறை கட்டாயம்.

மீட்டரோடு வரும் சில தாள்களில் பி.எச். குறைய கந்தகம் போடச் சொல்கிறார்கள். கணக்குப் போடுங்கள். மேல் 15 செ.மீ. மண்ணில் ஒரு சதவீதம் சுண்ணாம்பு என்றாலே ஏக்கருக்கு ஏறக்குறைய 8 டன். அது தீர்ந்தால்தான் பி.எச். இறங்கும்; அதைத் தீர்க்க இரண்டரை டன் கந்தகம் வேண்டும். யாருக்குக் கட்டுப்படியாகும்? இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் வெளுத்தால் 0.5 சதவீத ஃபெரஸ் சல்பேட் கரைசலை மாலையில் இலைமேல் தெளிப்பது மலிவு. ஜிப்சம் களருக்குத்தான், சுக்கான் மண்ணின் பி.எச்.-ஐ அது இறக்காது.