ஐம்பத்தேழு பெல் ஏருக்கு ஒரு தாள் ஃபாயில்

1950களின் அமெரிக்கக் கார் மாடல் ஒன்றைக் கட்டப்போகிறீர்கள் என்றால், பெயின்ட் டப்பா வாங்குவதற்கு முன்னால், க்ரோம் பட்டைகளின் மேல் ஒட்டுகிற மெல்லிய உலோகத் தாளான பேர்-மெட்டல் ஃபாயில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். 1957 செவர்லே பெல் ஏர் ஒன்றை நேற்று ராத்திரிதான் முடித்தேன், செய்தது மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பார்ப்பதற்கு இந்த ஃபாயிலில் ஒன்றுமே இல்லை. ஏறக்குறைய 6 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவில் ஓர் அலுமினியத் தாள், பின்புறம் பசை, அதற்கும் பின்னால் ஒரு காகிதம், அவ்வளவுதான். சப்பாத்தி சுற்றி வைக்கிற தாளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மெல்லிசு, மூச்சுக்காற்று பட்டாலே சுருண்டுகொள்ளும். சின்ன வயதில் மிட்டாய் சுற்றி வரும் ஜிகினாத் தாளை நகத்தால் நீவி நீவி, சுருக்கமே தெரியாமல் ஆக்கி நோட்டுக்குள் வைத்தவர்களுக்கு இந்த வேலை பாதி தெரியும். தயாரிப்பது மிச்சிகனில் ஃபார்மிங்டன் ஊரில் இருக்கிற கம்பெனி. டெட்ராய்ட்டைச் சுற்றிக் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கிற பக்கம்தான் அது, நானும் அங்கேதான் இருக்கிறேன்.

நிஜ பெல் ஏர் 200 அங்குல நீளம். 1/25 அளவில் 8 அங்குலம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு சாணுக்குள், கண்ணாடிகளைச் சுற்றி, கூரை ஓரத்து மழைநீர்ப் பட்டையில், பக்கவாட்டுக் கோட்டில், பின்னால் துடுப்பு மாதிரி நிற்கிற வாலின் முதுகில் என்று எங்கே பார்த்தாலும் க்ரோம்தான். மாடல் பாகங்கள் அடங்கிய கிட்டில் பம்பர், சக்கர மூடி எல்லாம் க்ரோம் பூசியே வந்துவிடும். ஆனால் பாடியோடு சேர்த்து வார்த்த பட்டைகள் வெறும் பிளாஸ்டிக், அவற்றை நாம்தான் உலோகமாக்க வேண்டும். நிஜக் காரில் 1 சென்டிமீட்டர் அகலப் பட்டை மாடலில் 0.4 மில்லிமீட்டர். அதில் வெள்ளி பெயின்ட் அடித்தால், எவ்வளவு நல்ல தூரிகையாக இருந்தாலும், சாம்பல் கோடாகத்தான் நிற்கிறது. ஃபாயில் அப்படி இல்லை, அது உலோகமே என்பதால் காரைக் கையில் வைத்துத் திருப்பினால் மேஜை விளக்கின் வெளிச்சம் பட்டை நெடுக வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பட்டுப்புடவைக்குச் சரிகை எப்படியோ அப்படித்தான் இந்தக் காருக்கு இது.

வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன். பிளேடு புதிதாக இருக்க வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், நான் ஒரு காருக்கு ஆறு ஏழு பிளேடு மாற்றுகிறேன். பட்டையை விட இரண்டு மடங்கு அகலத்துக்கு, காகிதம் வெட்டுப்படாமல் ஃபாயிலை மட்டும் கீறி, கத்தி நுனியால் ஒரு மூலையை நெம்பி, இழுக்காமல் மெதுவாக எடுத்துப் பட்டையின் மேல் படுக்க வைக்க வேண்டும். அப்புறம் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். சின்னச் சுருக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், தேய்க்கத் தேய்க்க மறைந்துவிடும், பெரிய சுருக்கம் என்றால் உரித்துப் போட்டுவிட்டு வேறு துண்டு எடுப்பதுதான் வழி. பட்டை ஓரத்துப் பள்ளத்தில் பல்குச்சியை மழுக்கி ஓட்டினால் ஃபாயில் உள்ளே இறங்கி, வெட்ட வேண்டிய கோட்டை அதுவே காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டின் மேல் கத்தியை அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே இழுத்தால் போதும். மிச்சத்தை உரித்து எடுக்கிற அந்த நொடி, நீல பெயின்டை ஒட்டி ஒரு நூலிழை வெள்ளி மட்டும் நேராக நிற்பதைப் பார்க்கும்போது, மூன்று மணி நேரம் குனிந்திருந்த கழுத்துவலி காணாமல் போய்விடும்.

இந்தத் தாளில் பல வகை உண்டு. சாதா க்ரோம், அல்ட்ரா பிரைட் க்ரோம், பளபளப்பு அடங்கிய மேட் அலுமினியம், தங்கம், செம்பு எல்லாம் கிடைக்கிறது. பலரும் பளபளப்பைப் பார்த்து அல்ட்ரா பிரைட் மட்டும் வாங்குவார்கள். பெல் ஏர் கட்டுபவர்கள் தயவுசெய்து மேட் அலுமினியத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஏனென்றால் அந்தக் காரின் பின்பக்கத்தில், பக்கவாட்டுக் கோடு இரண்டாகப் பிரிந்து வால்வரை போகும் இடத்துக்கு நடுவே வரிவரியாக ஒரு தகடு இருக்கிறதே, அது க்ரோம் இல்லை, அனோடைஸ் செய்த அலுமினியம். இதை நான் ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸில்தான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 1995இல் ஃபெர்ன்டேல் ஊரில் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்டுவதற்காக ஆரம்பித்த ஊர்வலம், இன்றைக்கு வுட்வர்ட் சாலை நெடுகப் பழைய கார்கள். நிறுத்தியிருந்த ஒரு ஐம்பத்தேழின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தால், சுற்றியிருக்கிற பட்டை கண்ணைக் கூசுகிறது, நடுத்தகடு மட்டும் தேய்த்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி அடங்கிய மினுக்கில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு உலோகம். மாடலில் முதலில் தகட்டுக்கு மேட் அலுமினியம் ஒட்டி, அதன் மேல் விளிம்புக்கு க்ரோம் ஒட்டினேன், அந்த வித்தியாசம் தெரிந்த பிறகுதான் பொம்மை காராக மாறியது.

பெல் ஏரின் கிரில்லும் சில சின்னங்களும் தங்க நிறம். அதற்குத் தங்கத் தாள் வாங்காமலே சமாளிக்கலாம், கிட்டிலிருந்து வருகிற க்ரோம் கிரில் மேல் டாமியா கம்பெனியின் எக்ஸ்-24 கிளியர் யெல்லோ என்கிற ஒளி ஊடுருவும் மஞ்சள் பெயின்டை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் நல்ல தங்கம் வந்துவிடும்.

சின்ன எழுத்துகளுக்கு ஒரு வழி இருக்கிறது, அதுதான் இந்தத் தாளின் உச்சம் என்பேன். பாடியில் புடைத்து நிற்கிற 'பெல் ஏர்' எழுத்தைப் பெயின்ட் அடித்த பிறகு ஃபாயிலில் வெட்டி எடுப்பது மனிதக் கைக்கு ஆகிற காரியமில்லை. அதனால் கலருக்கு முன்னால் அடிக்கிற ப்ரைமர் காய்ந்ததும் எழுத்தின் மேல் ஒரு சின்னத் துண்டை ஒட்டி அழுத்தி, எழுத்தைச் சுற்றி நெருக்கமாக வெட்டிவிட்டு, அதன் மேலேயே கலர் அடித்துவிட வேண்டும். கலர் காய்ந்ததும் பல்குச்சி நுனியில் துணி சுற்றி, தின்னரில் தொட்டும் தொடாமலும் நனைத்து, எழுத்தின் தலையை மட்டும் தடவினால் பெயின்ட் கரைந்து அடியில் இருக்கிற வெள்ளி எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வரும். நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டை இதற்குப் பிறகு அடியுங்கள்.

என் காரை அச்சு அசலாகக் கட்டவில்லை. லார்க்ஸ்பர் ப்ளூ நிறத்தை வைத்துக்கொண்டு முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, பானட் மேலிருக்கிற இரண்டு ராக்கெட் அலங்காரங்களையும் அறுத்தெடுத்துவிட்டு, பள்ளம் அடைக்கிற புட்டிப் பசை வைத்து மட்டப்படுத்தினேன். அந்தக் காலத்தில் கலிபோர்னியாவில் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் நிஜக் கார்களில் செய்த வேலையும் இதுதான், தொழிற்சாலைச் சின்னங்களைக் கழற்றி ஓட்டையை ஈயம் உருக்கி அடைத்து வழித்துவிடுவார்கள். வழித்த பானட் மொட்டையாகத் தெரிந்ததால் நடுவில் 0.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கம்பி ஒன்றை ஒட்டி, அதன் மேல் ஃபாயில் போர்த்தினேன். இல்லாத இடத்தில் புது க்ரோம் கோடு. நீங்களாக ஒரு காரை வடிவமைக்க விரும்பினால் இந்தத் தாள் எவ்வளவு கைகொடுக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டு எச்சரிக்கை. பழைய தாள் வாங்காதீர்கள். ஒரு பழம்பொருள் சந்தையில் மேஜை போட்டிருந்தவரிடம் பாதி விலைக்கு ஒரு தாள் வாங்கினேன், எத்தனை வருடம் எந்தக் கொட்டகை வெயிலில் கிடந்ததோ, காகிதம் மஞ்சளாகிப் பசை இறுகி, எடுக்க எடுக்க அப்பளம் மாதிரி நொறுங்கியது. நல்ல கடையில் புதுத் தாளாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பெயின்ட் முழுக்க இறுகுவதற்குள் ஒட்டக் கூடாது. எனாமல் பெயின்ட் அடித்து இரண்டே நாளில் அவசரப்பட்டு ஒட்டியதில், மிச்சத்தை உரிக்கும்போது கூரை ஓரத்துப் பெயின்டும் கூடவே வந்துவிட்டது, அந்தப் பக்கத்தை மறுபடி தேய்த்து அடிக்க ஒரு வாரம் போனது. மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தால் பெயின்ட் வாசனை வரவே கூடாது, அப்போதுதான் தாளைத் தொடலாம்.

பம்பர் மாதிரி எல்லாப் பக்கமும் வளைகிற பாகங்களுக்கு இது வேண்டாம், கிட்டின் க்ரோமே அங்கே நன்றாக இருக்கும், பாகங்களைக் கோத்துவைத்திருக்கிற பிளாஸ்டிக் கொடியிலிருந்து வெட்டிய இடத்துப் புள்ளிகளுக்கு மட்டும் க்ரோம் பேனாவால் ஒரு தொடு தொட்டால் போதும். நேரான பட்டை, கண்ணாடிச் சட்டம், எழுத்து, இவற்றுக்கெல்லாம் ஃபாயிலுக்கு இணையாக நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஒரு தாளில் மூன்று கார் வரை சமாளித்திருக்கிறேன், அதனால் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மிஞ்சியதை ஜிப் கவரில் போட்டுக் கனமான புத்தகத்துக்குள் தட்டையாக வைத்திருக்கிறேன், சுருட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். அடுத்து 1959 கேடிலாக், அதன் வாலை நினைத்துப் பார்த்தால் இன்னொரு தாளும் இப்போதே வாங்கிவிட வேண்டும் போலிருக்கிறது.