கடற்கரைக் காற்றில் ஆர்எக்ஸ் 100: பார்த்து வாங்குங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 தேடுபவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்கக் கூடாது. இங்கே முதல் எதிரி உப்புக்காற்று. டேங்க், சீட் இரண்டையும் கழற்றச் சொல்லிச் சேஸிஸைப் பாருங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் அடிப்பகுதியைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்துரு சத்தத்திலேயே தெரியும். டேங்கிற்குள் டார்ச் அடித்தும் பாருங்கள்.

98 சிசி, 11 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்தால் கிளட்ச் பக்க கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனையில் ஆயிலும் காற்றும் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. மறுமுனையில், மின்சாரம் தரும் மேக்னட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று புகும். ஐடிலிங் எகிறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சிலிண்டர் போர் (உள்துளை) தேய்ந்து எத்தனையாவது ஓவர்சைஸுக்குக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசி அளவான 1.00 மி.மீ.-க்கு வந்திருந்தால் விலையைக் குறைத்தே பேசுங்கள்.

தயாரிப்பு 1996-இல் நின்றதால் ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்பது முக்கியம். சேஸிஸ், இன்ஜின் எண்கள் ஆர்சியோடு பொருந்த வேண்டும். புதுச்சேரிப் பதிவு வண்டியைக் கடலூருக்கு மாற்ற படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும், தமிழ்நாட்டுச் சாலை வரியும் தேவை.

ஒரிஜினல் கார்புரேட்டர், சைலன்சரோடு கிடைத்தால், சற்று மங்கிய பெயின்ட்டுடனேயே வாங்கலாம்.