மேட்லாபில் நேர அச்சு: முக்காற்புள்ளியா, லின்ஸ்பேஸா?

மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் சைன் அலை வரையும் முன் சம இடைவெளியில் நேரப் புள்ளிகள் வேண்டும். 0:0.001:1 (தொடக்கம்:இடைவெளி:முடிவு) என்று முக்காற்புள்ளி போட்டால் இடைவெளியை நாம் சொல்கிறோம். எத்தனை புள்ளி என்பதை மேட்லாப் கணக்கிடும். லின்ஸ்பேஸ் (linspace) என்ற கட்டளையில் புள்ளிகளின் எண்ணிக்கையை நாம் சொல்கிறோம், இடைவெளியை அது பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் ஓரத்தில்தான். ஒரு விநாடி, 1000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதம் (விநாடிக்கு எத்தனை புள்ளி என்பது) என்றால் 1000 புள்ளிகள் போதும். முக்காற்புள்ளி தருவதோ 1001, ஏனென்றால் 0, 1 இரண்டும் சேர்ந்துவிடும். லின்ஸ்பேஸில் 1000 கேட்டால் கொடுக்கும், ஆனால் இடைவெளி 1/999 ஆகிவிடும். அதன் பிறகு மாதிரி வீதம் 1000 என்றே நம்பி எஃப்எஃப்டி (அலையில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று காட்டும் கணக்கு) எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் சைகை (சிக்னல்) 50.05 ஆக நகர்ந்து, உச்சியின் இருபுறமும் உள்ள அதிர்வெண்களுக்குக் கசியும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு மாலை முழுக்கச் செலவழித்திருக்கிறேன். அதனால் சைகைக்கு நான் எழுதுவது (0:999)/1000 தான்: முழு எண்களை எண்ணிவிட்டு வகுப்பது.

0:0.3:1 என்பது 0.9-லேயே நின்றுவிடும். இரு முனைகளும் கண்டிப்பாக வேண்டுமென்றால், வெறும் வளைகோடு வரைய, லின்ஸ்பேஸே நல்லது. எண்ணிக்கையை மட்டும் விடாதீர்கள். விட்டால் 100 புள்ளிதான் வரும். அதில் ஒரு விநாடிக்கான 50 ஹெர்ட்ஸ் அலை, நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கிய கதிர் போலத் தெரியும்.