கலை அமைப்புகளுக்கான டிஜிட்டல் உதவிகள்: சில ஆண்டுகள் பயன்படுத்தியதில் தேறியவை

கலை, மரபு சார்ந்த சிறிய அமைப்புகளுக்கு டிஜிட்டல் பயிற்சி தருகிறோம் என்று சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அதில் என்ன மிஞ்சியது என்று சொல்பவர்கள்தான் குறைவு. சம்பளத்துக்கு இருவர், மற்றபடி தன்னார்வலர்கள் என்று ஓடும் ஒரு கலை அமைப்பின் சேகரிப்பைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். புகைப்படங்கள், அழைப்பிதழ்கள், கடிதங்கள், ஒலிநாடாக்கள், அப்புறம் யார் எப்போது ஸ்கேன் செய்தது என்றே தெரியாத ஹார்ட் டிஸ்க்குகள். நாங்கள் தேடிப் பிடித்த உதவிகளில் எவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் இந்தப் பதிவு.

புழக்கத்தில் இல்லாதவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஒருநாள் பட்டறைகளில் கற்றது எதுவும் நிலைக்கவில்லை. பயிற்றுநர் சுத்தமாகப் பெயரிட்ட மாதிரி ஃபைல்களைக் கொண்டுவந்து அதில் செய்து காட்டுவார். நம் ஃபைல்கள் அப்படி இருப்பதில்லை. கட்டணம் வாங்கி, அட்டவணை சாஃப்ட்வேரும் கொடுத்து ஓராண்டு பயிற்சியும் தந்த ஒரு நிறுவனம் இருந்தது. பயிற்சி நன்றாகத்தான் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தபோது எங்கள் பதிவுகளை பிடிஎஃப் ஆக மட்டுமே வெளியே எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து எந்த உதவியைப் பார்த்தாலும் முதல் கேள்வி, 'நீங்கள் போன பிறகு எங்கள் தரவு எந்த வடிவத்தில் எங்கள் கையில் இருக்கும்?' என்பதுதான். இதற்கு நேராகப் பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

இனி நிலைத்தவை. எல்லாவற்றிலும் அதிகம் உழைத்தது ஒரே பக்க அட்டவணை ஒன்று. அமெரிக்காவின் நேஷனல் டிஜிட்டல் ஸ்டூவர்ட்ஷிப் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய 'டிஜிட்டல் பாதுகாப்பு நிலைகள்' என்ற அட்டவணை அது. இங்கே பாதுகாப்பு என்பது ஹேக்கர்களைத் தடுப்பதல்ல, ஃபைல்களை நெடுங்காலம் அழியாமல் காப்பது. சேமிப்பு, ஃபைல்கள் சிதையாமை, அணுகல் கட்டுப்பாடு, விவரக்குறிப்பு, உள்ளடக்கம் என்று ஐந்து வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். சேமிப்பின் முதல் நிலை என்ன கேட்கிறது? முழுமையான இரண்டு பிரதிகள், வெவ்வேறு இடங்களில். எதெதில் சேமித்திருக்கிறோம் என்று ஒரு குறிப்பு, நம்பகமான சேமிப்பிடம். அவ்வளவுதான். இதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கணினி அறிவு தேவையில்லை. அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். புதிதாக வரும் தன்னார்வலருக்கு 'நாம் இங்கே இருக்கிறோம், அடுத்து இந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும்' என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

இதே வேலைக்கு இங்கிலாந்து கலை மன்றமும் நேஷனல் லாட்டரி ஹெரிடேஜ் ஃபண்டும் சேர்ந்து உருவாக்கிய 'டிஜிட்டல் கல்ச்சர் காம்பஸ்' என்ற சுயமதிப்பீட்டுக் கருவியையும் பார்த்தோம். நன்றாக யோசித்துச் செய்தது. நிர்வாகக் குழுவுக்கு நிலவரத்தைச் சொல்ல உதவும். ஆனால் அதை ஒழுங்காக நிரப்பவே துறைவாரியாக ஆட்கள் வேண்டும். எங்களிடம் துறை என்றால் ஒரு மேஜை.

பிரிட்டனைச் சேர்ந்த டிஜிட்டல் பிரிசர்வேஷன் கோயலிஷன், ஃபைல்களை நெடுங்காலம் காப்பது பற்றி எழுதிய கையேட்டை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதை முதலிலிருந்து கடைசிவரை படிக்கப் போகாதீர்கள், தூக்கம் வரும். ஒரு சிக்கல் வரும்போது அந்தப் பகுதியை மட்டும் திறந்தால் போதும். அதே அமைப்பு 2020-இல் தொடங்கிய 'நாவிஸ் டு நோ-ஹவ்' என்ற இணையவழிப் பயிற்சி, அவரவர் வேகத்தில் படிக்கக்கூடியது. எங்களுக்கு டிராய்டை அறிமுகப்படுத்தியது அதுதான். ஆண்ட்ராய்டு இல்லை, டிராய்டு: பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகம் உருவாக்கிய இலவச மென்பொருள்.

ஒரு ஃபோல்டரை அதனிடம் கொடுத்தால், ஃபைல் பெயரின் வாலில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காது. உள்ளே இருக்கும் பைட்களைப் பார்த்து இது என்ன வடிவம், எந்தப் பதிப்பு என்று சொல்லும். ஜேபெக் என்று பெயரிட்ட சில படங்கள் உண்மையில் டிஃப் என்ற வேறு பட வடிவம் என்பதும், திறக்கவே மறுத்த சில 'வேர்டு' ஃபைல்கள் வேறு ஏதோ என்பதும் அப்படித்தான் தெரிந்தது. செட்டிங்ஸில் போய் ஹாஷ் கணக்கிடும் வசதியை நாமே இயக்க வேண்டும், தானாக இயங்காது. இயக்கிவிட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை கிடைக்கும். ஒரே கைரேகை இரண்டு இடத்தில் வந்தால், பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே ஃபைல்தான். பட்டியலை சிஎஸ்வி-யாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் எளிய அட்டவணை ஃபைல்) எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் முழுக்க இன்னொன்றின் நகல் என்று தெரிந்தது. இடமும் மிச்சம், நேரமும் மிச்சம்.

அடுத்தது ஓப்பன்ரிஃபைன், தாறுமாறான பட்டியல்களைச் சுத்தம் செய்யும் இலவச மென்பொருள். இதைக் கற்றுக்கொண்டது 'புரோகிராமிங் ஹிஸ்டோரியன்' பாடங்களில் ஒன்றின் வழியாக. வரலாறு, இலக்கியம் படித்தவர்களுக்காகவே எழுதப்பட்டு, சக அறிஞர்கள் சரிபார்த்த இலவசப் பாடங்கள் அவை. குறிப்பிட்ட இந்தப் பாடம் சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் நிஜத் தரவை வைத்து நடத்தப்படுகிறது. நகல் பதிவுகள், காலியான கட்டங்கள், தாறுமாறான வகைப்பெயர்கள் என்று அதில் இருப்பதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி: பெரிய இடத்திலும் இதே கதைதான்.

எங்களுக்கு அது செய்த பெரிய உதவி கலைஞர்களின் பெயர்களில். ஒரே பாடகரின் பெயர் இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், புள்ளி உண்டு, புள்ளி இல்லை என்று பட்டியல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஓப்பன்ரிஃபைனின் கிளஸ்டர் வசதி புள்ளிகளை நீக்கி, சொற்களை வரிசைப்படுத்தி, ஒத்துப்போவதை ஒன்றாகக் காட்டுகிறது. சேர்ப்பதா வேண்டாமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அப்பா, மகன் இருவருமே பாடகர்கள் என்றால் கவனம். உச்சரிப்பை வைத்துச் சேர்க்கும் முறைகள் ஐரோப்பிய மொழிகளை மனத்தில் வைத்துச் செய்தவை, தமிழ்ப் பெயர்களுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

சுத்தம் செய்த பட்டியல் ஒமேகாவுக்குப் போகிறது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு மற்றும் புதிய ஊடக மையம் 2008-இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது, சேகரிப்பை இணையதளமாகக் காட்சிக்கு வைக்க உதவும். ஒரே தளம் போதும் என்றால் ஒமேகா கிளாசிக், பல தளங்களை ஒன்றாக நடத்த வேண்டுமென்றால் ஒமேகா எஸ். ஒரு பொருளைப் பற்றிய விவரங்களை (தலைப்பு, படைப்பாளர், தேதி போன்றவை) பதிவதற்கான பொது முறையான டப்ளின் கோரின் 15 கட்டங்கள் அதிலேயே வருகின்றன. அங்கேதான் விவாதம் தொடங்கும்: ஒரு நடன நிகழ்ச்சிப் புகைப்படத்தின் 'படைப்பாளர்' யார், ஆடியவரா, படம் எடுத்தவரா? படம் எடுத்தவர் 'படைப்பாளர்', ஆடியவர் 'பொருள்' (படம் எதைப் பற்றியது என்ற கட்டம்) என்று முடிவு செய்து, அதை எழுதியும் வைத்தோம். எழுதி வைக்காவிட்டால் அடுத்து வருபவர் வேறு மாதிரி நிரப்புவார். சந்தேகம் கேட்டால் பயனர் மன்றத்தில் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். சர்வர் பராமரிப்பு மட்டும் தலைவலி. ஒமேகா ஓடுவதற்கு சர்வரில் வேண்டிய பிஎச்பி என்ற நிரல்மொழியின் பதிப்பு மாறும்போதெல்லாம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மென்பொருள் சலுகைக்கு டெக்சூப் உண்டு, லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு மென்பொருளைச் சலுகையில் வாங்கித் தரும் அமைப்பு. லாபநோக்கற்ற அமைப்பு என்பதற்கான பதிவுச் சான்றிதழ்களைத் தயாராக வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

உதவி கிடைக்காமலே நிற்பது பதிப்புரிமை விஷயத்தில். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள், நூலகங்களின் சேகரிப்புகளை இணையத்தில் ஒன்றுசேர்க்கும் ஐரோப்பியானாவும் அமெரிக்காவின் டிஜிட்டல் பொது நூலகமும் 2016-இல் கொண்டுவந்த 12 உரிமைக் குறிப்புகள் இருக்கின்றன; ஒரு பொருளை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அதன் பக்கத்தில் போடும் தயார் வாசகங்கள். 'பதிப்புரிமை மதிப்பிடப்படவில்லை' என்பதுகூட அதில் ஒன்று. புகைப்படங்களுக்கு அவை போதுமானதாக இருந்தன. ஒலிநாடா அப்படி இல்லை. பாட்டு எழுதியவர், பாடியவர், பதிவு செய்தவர் என்று மூன்று பேரின் உரிமை ஒரே நாடாவில் சுற்றியிருக்கும். ஸ்கேன் செய்யச் சொல்லித்தர ஆயிரம் பேர், இதைச் சொல்லித்தர இலவசமாக யாரும் கிடைக்கவில்லை. புதிய நிகழ்ச்சிகளுக்கு மேடையேறும் முன்பே அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் ஒரு வழக்கறிஞர், பணம் வாங்கிக்கொண்டு. இதுவரை செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான்.