பட்டறையில் செய்த கச்சான் மெசின்: சில போகப் பாவனைக்குப் பிறகு

விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் (நிலக்கடலை) உடைக்கும் மெசின் என்றால் பெரும்பாலும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்விப்பதுதான். கையால் உடைத்தால் ஒருவருக்கு மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோ பருப்புத் தேறினால் பெரிய காரியம். ஆகவே நாலு மூட்டைக்கு மேல் விளைவிப்பவர் மெசின் பக்கம் போகாமல் இருக்க ஏலாது. இங்கே பேசுவது அப்படிச் செய்த ஒன்றைப் பற்றி: 12 அங்குல விட்டமுள்ள உருளை, அதன் மேல் நாலு ஆங்கிள் அயன் சட்டம், சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய பழைய ரயர் றபர், கீழே 6 மில்லிமீற்றர் கம்பிகளை வரிசையாக ஒட்டிய அரைவட்டத் தட்டு, மேலே தகரத் தொட்டி, பக்கத்தில் ஒரு குதிரைவலு சிங்கிள் பேஸ் மோட்டர். காற்றாடி கிடையாது. கோதைச் சுளகால் புடைத்தோ காற்றில் தூற்றியோ பிரிக்க வேண்டும்.

விலைக்கு நல்ல சாமான். ஆனால் இந்த மெசின் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் ஒரே முறைப்பாடுதான் வரும்: இழுக்குதில்லை, இறுகுது. கச்சான் தொட்டியில் அசையாமல் நிற்கும், அல்லது உள்ளே போய் உருளையைப் பிடித்துக்கொள்ளும். உடனே எல்லோரும் தடியை எடுத்துத் தொட்டிக்குள் குத்தத் தொடங்குவார்கள். அது தவறான இடம். நிற்பது மேலே தெரிந்தாலும், பத்துக்கு ஏழு எட்டுத் தரம் கோளாறு கீழே, கம்பித்தட்டில் இருக்கிறது. பருப்பும் கோதும் கீழே இறங்காவிட்டால் மேலே உள்ளது எப்படி இறங்கும்? ஆகவே பார்ப்பதைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முதல் ஒன்று. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றி, பெல்ற்றையும் இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விடவேண்டும். இறுகி நிற்கும் உருளை, அடைப்பு விலகியதும் பெல்ற்றின் இழுவையில் திடீரென்று அரைச் சுற்றுச் சுற்றும். சாரத்தின் தலைப்பு, தோளில் கிடக்கும் துவாய் எல்லாம் கப்பிக்குக் கிட்ட வரக்கூடாது. பெல்ற்றுக்கு மூடி போடாமல் தரும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. காசு கூடக் கேட்டாலும் மூடியோடு வாங்குங்கள்.

இப்போது கீழே. மெசினின் அடியில் குவியும் பருப்பும் கோதும் தட்டைத் தொட்டுவிட்டால் அடைப்பு நிச்சயம். தட்டின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். சரிவாக ஒரு தகரம் வைத்து வெளியே வழிய விட்டால் இன்னும் நல்லது. பலர் படங்கை விரித்து அதன் மேலேயே மெசினை வைத்துவிட்டு, குவியலை இழுக்க மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கம்பிகளுக்கு இடையிலான வெளி. இதுதான் இந்த மெசினின் உயிர்நிலை. வெளி பருப்பின் தடிப்பைவிடச் சற்றுக் கூடவும், உடையாத கச்சானின் தடிப்பைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். ஊகத்தில் வைக்கக்கூடாது: உங்கள் கச்சானில் ஐம்பது பருப்பை எடுத்து வேர்ணியரால் அளந்து, தடித்த பருப்புக்கு மேல் ஒரு மில்லிமீற்றர் விடுங்கள். திஸ்ஸ போன்ற சிறு ரகத்துக்கு 9 மில்லிமீற்றரில் தொடங்கினால் பெரும்பாலும் சரிவரும். லங்கா ஜம்போவை அதே தட்டில் போட்டால் பருப்பு இறங்காமல் திரும்பத் திரும்பச் சுற்றி, தோல் உரிந்து, பாதியாகப் பிளந்துதான் விழும். அதற்கு வேறு தட்டே வேண்டும். ஆகவே தட்டைச் சட்டத்தோடு வெல்ட் பண்ணவிடாமல் போல்ட் போட்டுக் கழற்றக்கூடியதாகச் செய்விக்க வேண்டும். (ஜம்போவில் பெரும்பங்கு கோதோடு வறுத்துத் திருவிழாக் கடைகளில்தான் போகிறது. அதை விற்பவருக்கு இந்தத் தலையிடி இல்லை.)

தட்டுக்கு உருண்டைக் கம்பிதான் போட வேண்டும், சதுரக் கம்பி அல்ல. இரண்டு உருண்டைக் கம்பிகளுக்கு இடையில் வெளி நடுவில் மட்டும் ஒடுங்கி, கீழே திரும்ப விரிகிறது. அந்த ஒடுக்கத்தைத் தாண்டிய பருப்பு தானாக விழுந்துவிடும். சதுரக் கம்பியில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒடுக்கம் என்பதால் பருப்பு ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடுகிறது. பட்டறையில் கையிருப்பில் சதுரக் கம்பி இருந்தால் அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

புதுத் தட்டு வந்தவுடன் 9 மில்லிமீற்றர் துளைக்கும் பிட் ஒன்றின் பின்பக்கத்தை ஒவ்வொரு வெளியிலும் விட்டுப் பாருங்கள். ஒரு முனையில் லேசாகப் போய் மறுமுனையில் இறுகினால், ஒரே பக்கமாகத் தொடர்ந்து வெல்ட் பண்ணியிருக்கிறார்கள். சூடு கம்பியை இழுத்துவிட்டது. எல்லாக் கம்பியையும் முதலில் பொட்டுப் பொட்டாகப் பிடித்து, பிறகு இடமும் வலமும் மாறி மாறி முடிக்கச் சொன்னால் இந்தக் கோணல் வராது. வெல்டிங் பொட்டுக்கள் கம்பியில் ஒட்டியிருந்தால் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ஒரு பொட்டில் ஒரு பருப்பு மாட்டும், அதன் பின்னால் பத்து நிற்கும்.

உருளையின் றபருக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி வேறு கணக்கு. கச்சான் நுழையும் பக்கம் 20, வெளியேறும் பக்கம் 14 மில்லிமீற்றர் என்று தொடங்கலாம். இந்த மெசின் கோதை அடித்து உடைப்பதில்லை. கச்சானும் கச்சானும் உரசி, றபருக்கும் கம்பிக்கும் இடையில் நசிபட்டு உடைகிறது. நுழையும் பக்கமும் ஒடுக்கமாக இருந்தால் வாயிலேயே திரண்டு நின்றுவிடும். இடைவெளியை மாற்ற, பெயாரிங் கூட்டின் போல்ட் துளைகள் நீள்துளையாக இருக்க வேண்டும். வட்டத் துளையென்றால் வொஷர் அடுக்கிச் சமாளிக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருளை சாய்ந்து ஒரு பக்கம் மட்டும் தேயும்.

வைத்த அளவு சரியா என்று அறிய இரண்டு கிலோவைப் போட்டு வெளியே வந்ததைப் பிரித்துப் பாருங்கள். உடையாதது கூடினால் இடைவெளி பெரிது. பிளந்த பருப்புக் கூடினால் சிறிது, அல்லது வேகம் கூட. இரண்டும் ஒன்றாகக் கூடினால் இடைவெளியையும் வேகத்தையும் தொடாதீர்கள்: சிறிசும் பெரிசும் கலந்த கச்சானைப் போட்டிருக்கிறீர்கள், அல்லது கம்பி வெளிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருக்கின்றன. நிறையையும் பாருங்கள். நன்றாக முற்றிய கச்சான் 100 கிலோவுக்கு 70 கிலோ அளவில் பருப்புத் தர வேண்டும். 60 என்று வந்தால், ஒன்றில் கச்சான் சொத்தி, இல்லையேல் மிச்சம் கோதுக் குவியலுக்குள் கிடக்கிறது.

ஈரப்பதன்தான் அடுத்த காரணம், மாசிப் பனியில் அறுவடை செய்பவர்களுக்கு முதற்காரணமும் அதுவே. கிண்டும்போது கச்சானில் 35 முதல் 50 வீதம் ஈரம் இருக்கும். சேமிக்க அது 8 முதல் 10 வீதத்துக்கு இறங்க வேண்டும். ஈரக் கோது உடையாது, வளையும். வளைந்த கச்சான் றபரில் ஒட்டி உருண்டு, மண்ணோடு சேர்ந்து கம்பிகளில் பசைபோல அப்பும். காதருகில் வைத்து ஆட்டினால் பருப்புத் தனியாகக் கலகலக்க வேண்டும். விரலால் அமத்த, கோது சத்தத்தோடு பிளக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வெயில் காயவிடுங்கள். காலையில் படங்கைத் திறந்தவுடன் உடைக்கத் தொடங்க வேண்டாம்; பத்து மணிக்குப் பிறகு தொடங்கினால் அதே கச்சான் பேசாமல் ஓடும்.

அதிகம் காய்ந்தால் மறுதொல்லை: பருப்புப் பிளக்கும். அதற்காகத் தண்ணீர் தெளித்து இரவு முழுக்க மூடி வைத்து, அடுத்தநாள் உடைப்பவர்கள் இருக்கிறார்கள். உடைப்பது லேசாகும் என்பது உண்மை. ஆனால் நனைந்த பருப்பைத் திரும்பக் காயவைக்காமல் சாக்கில் கட்டினால் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணம் பிடித்து அஃப்ளரொக்சின் நஞ்சு சேரும். அது வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். தெளிப்பதைவிட, உருளையின் வேகத்தைக் குறைப்பதே மேல்.

வேகக் கணக்கு இலகு. நாலு முனை (4 போல்) மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று. மோட்டரில் 3 அங்குலக் கப்பி, உருளையில் 18 அங்குலக் கப்பி என்றால் 1440 × 3 ÷ 18, அதாவது 240 சுற்று. இந்த உருளைக்கு அது போதும். பிளவு கூடினால் மோட்டர்க் கப்பியை இன்னும் சிறிதாக்க ஆசை வரும். வேண்டாம், ஏ ரக வி-பெல்ற் 3 அங்குலத்துக்குக் குறைந்த கப்பியில் வளைந்து விரைவில் வெடிக்கும். உருளைக் கப்பியை 20 ஆக்கினால் 216 சுற்று வரும். இரண்டு அச்சுகளுக்கும் இடையில் 20 அங்குலமாவது தூரம் விடுங்கள். கிட்டக் கிட்ட வைத்தால் பெல்ற் சிறு கப்பியைச் சுற்றிப் பிடிக்கும் அளவு குறைந்து, சுமை வந்தவுடன் வழுக்கும். மோட்டர் ஓடுகிறது, உருளை நிற்கிறது, றபர் எரியும் மணம் வருகிறது என்றால் அதுதான் சங்கதி.

மோட்டரே உறுமிக்கொண்டு நின்றால் கரண்டைப் பாருங்கள். லைன் முடிவில் உள்ள வீடுகளில் மாலையில் 200 வோல்ற்றுக்கு இறங்குவது புதினமில்லை. 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 இருந்தால் மோட்டரின் முறுக்குவலு கால்வாசி குறைந்துவிடும், ஏனென்றால் அது வோல்ற்றின் வர்க்கத்தோடு போகிறது. அதோடு 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 50 மீற்றர் இழுத்தால், ஓடும்போது இன்னும் 13 வோல்ற் அளவில் வயரிலேயே போய்விடும், தொடங்கும்போது அதைப்போல நாலு மடங்கு. 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இந்த இழப்பு பாதிக்குக் கீழே வந்துவிடும். வயரும் சரி, வோல்ற்றும் சரி, தொடங்கும்போது மட்டும் உறுமுகிறது என்றால் கப்பாசிற்றரை மாற்றிப் பாருங்கள்.

கடைசியாகத்தான் தொட்டி. தகரச் சரிவு 45 பாகை என்றால் போதும் என்று பட்டறையில் சொல்வார்கள். இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் அந்தச் சரிவு 35 பாகைதான் என்பதை யாரும் அளப்பதில்லை. கச்சான் எப்போதும் மூலையில்தான் தங்கத் தொடங்குகிறது. பக்கங்களை 55 பாகைக்கு நிமிர்த்தினால் மூலை 45 ஆகும், பிறகு தடி தேவையில்லை. பழைய தொட்டியென்றால் மூலைகளில் தகரத்தை வளைத்து உருட்டி அடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வாய் 6 அங்குலத்துக்கு ஒடுங்கக்கூடாது. அளவைக் குறைக்க இழுகதவு போட வேண்டும். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உருளையின் சத்தம் கனக்கும் வரை கூட்டி, அதிலிருந்து ஒரு விரல் குறைத்து நிறுத்துங்கள். மிகக் குறைவாக விட்டாலும் உரச ஆளில்லாமல் கச்சான் முழுசாகச் சுற்றும்.

போடும் முன் கால் அங்குல வலையில் ஒருதரம் அரித்தால் மணலும் சல்லியும் போய்விடும். கொடித் துண்டையும் சாக்கு நூலையும் கையால்தான் பொறுக்க வேண்டும். அவை உருளையின் அச்சில் சுற்றிப் பெயாரிங்குக்குள் ஏறும். றபர் இறுகிப் பளபளத்தால் நாலு சட்டத்திலும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இடைவெளி ஒரு சுற்றுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும்.

விதைக் கச்சானை மட்டும் இந்த மெசினுக்குக் காட்ட வேண்டாம். முளை இருக்கும் நுனி கண்ணுக்குத் தெரியாமல் நசிந்தாலே அந்த விதை மண்ணுக்குள் அழுகிவிடும். அதைக் கோதோடு வைத்திருந்து, விதைப்புக்குக் கிட்ட, முற்றத்தில் நாலு பேர் இருந்து கையால் உடைப்பதுதான் வழி.