ஒற்றை உடுக்கை, ஒரே குரல்: மேலூர்ப் பக்கத்துத் திடல் கச்சேரி

மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திடலில், பின்பாட்டோ துணை வாத்தியமோ இல்லாமல், மூத்த உடுக்கைப் பாடகர் தனியாளாக நின்று மதுரைவீரன் கதையைப் பாடினார். பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஒலி அமைப்பில் நிறைய உண்டு.

உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இடக்கை இறுக்கினால் தோல் விறைத்துச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே பொம்மியின் அழுகையையும் வீரனின் ஆவேசத்தையும் பிரித்துக் காட்டினார். வசனம் வரும் இடங்களில் விரல் நுனித் தட்டல் மட்டும். குறி சொல்லும் கோடாங்கியின் வேகம் வேறு, கதைப்பாட்டின் நிதானம் வேறு; அது தெரிந்த கை. பனி இறங்கினால் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து நாதம் மங்கும். இடையிடையே அனலில் காட்டிக்கொண்டார். கொஞ்சம் கூடினாலும் தோல் கிழிந்துவிடும்.

மைக் ஒன்றுதான், வாய்க்கு நேராக. உடுக்கைக்கு இன்னொன்றை ஒரு சாண் தள்ளி வைத்திருக்க வேண்டும். குழாய் ஸ்பீக்கர் பேச்சைத் தெளிவாகக் கொண்டுபோகும், ஆனால் உடுக்கையின் அடிநாதத்தை விழுங்கிவிடும். பாக்ஸ் இரண்டு போதும். 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் ஒலி மேடைப் பக்கம் வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி பிந்தும். சொல்லின் மேல் சொல் விழுந்தது. ஊரே கேட்கட்டும் என்ற ஆசை, வேறென்ன! ஜெனரேட்டரும் மேடைக்குப் பின்னாலேயே உறுமியது.

கேட்கப் போகிறவர்கள் மேடைக்கு எதிரே, 5 மீட்டருக்குள் பாய் விரியுங்கள். அங்கே நேரடிக் குரலே எட்டும். வீரனை மாறுகால் மாறுகை வாங்கும், அதாவது ஒரு பக்கக் கையையும் மறுபக்கக் காலையும் வெட்டும் கட்டம் பின்னிரவில்தான் வரும், அதற்கு முன் எழுந்துவிடாதீர்கள்.