மன்ரேசாவா, சந்தியாகோவா, மடுவா? திருகோணமலையிலிருந்து நடக்கப் புறப்படுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

புனிதர் ஒருவரின் அடிச்சுவட்டில் நடக்க ஆசைப்படுகிறவர், அந்தப் புனிதர் அங்கே நடந்தாரா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

உலகம் முழுதும் பேர்போன, ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ யாத்திரை வழியை எடுப்போம். சந்தியாகோ என்பது கிளாலியில் கோயில் கொண்ட திருத்தூதர் யாகப்பர்தான். நம்மவர் பழைய வாய்ப்பேச்சில் ‘சந்தியோகுமையோர்’ என்றதும் போர்த்துக்கீசர் நாவில் வந்த இந்தச் சந்தியாகோவைத்தான். அவர் எருசலேமில் வாளால் வெட்டுண்டு இறந்ததைத் திருத்தூதர் பணி சொல்கிறது. உடல் படகில் ஸ்பெயினின் வடமேற்கு மூலைக்கு வந்து சேர்ந்தது என்பது மரபு. ஆகவே மக்கள் நடப்பது அவரது கல்லறையை நோக்கி. அவர் நடந்த தடத்தில் அல்ல.

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் வழி வேறு விதம்; ஸ்பெயினின் லொயோலாவிலிருந்து மன்ரேசா வரை போவது அது. அதன் பின்னால் நாள் குறிப்பிடக்கூடிய ஒரே ஒரு பயணம் இருக்கிறது. 1521 மே மாதம் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது. படுக்கையில் மனம் திரும்பியவர் 1522இல் லொயோலா வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மார்ச் 24 இரவு மொன்செராத் மலைக் கோயிலில் கறுத்த மாதாவின் முன் விழித்திருந்தார். வாளை அங்கே விட்டுவிட்டு மன்ரேசாவுக்கு இறங்கினார். சில நாள் தங்க நினைத்த ஊரில் பத்து மாதத்துக்கு மேல் தங்கிவிட்டார். ஆனால் மலை வரைக்கும் பெரும்பாலும் கோவேறு கழுதையில்தான் போனார். கயிற்றுச் செருப்பு ஒரு சோடி வாங்கி, அடிபட்ட காலுக்கு மட்டும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அந்தக் கால் ஒவ்வொரு மாலையும் வீங்கிப்போகும்.

உண்மையாகவே வெறுங்காலோடு நடந்தவர் நம் பக்கத்தவர்: புனித யோசேப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடுத்திருந்த 1687இல் கூலியாள் வேடத்தில் வந்திறங்கி, யாழ்ப்பாணம், வன்னி, புத்தளம், கண்டி என்று 1711இல் கண்டியில் இறக்கும்வரை திரிந்தார். அவர் போன வழிக்கு அம்புக்குறி கிடையாது, தங்குமடமும் கிடையாது.

இத்தாலியில் பிரான்சிஸ் அசிசியார் வழியையும் சிலர் கேட்பார்கள். 1224இல் இயேசுவின் ஐந்து காயங்களைத் தம் உடலில் பெற்ற லா வெர்னாவிலிருந்து அசிசிக்கு ஏறத்தாழ 190 கி.மீ., பிறகு உரோமை வரை. அவர் வாழ்வோடு ஒட்டிய ஊர்களை நூலில் கோத்த பாதை அது. அழகில் மற்ற இரண்டையும் மிஞ்சும். ஏற்ற இறக்கத்திலும் மிஞ்சும். முழங்கால் நோவுள்ளவர் அதை விட்டுவிடலாம். இத்தாலியத் தூதரகம் கொழும்பிலேயே இருப்பது மட்டும் அதற்கு ஒரு வசதி.

தூரமும் லீவும்

லொயோலாவிலிருந்து மன்ரேசா ஏறத்தாழ 675 கி.மீ., 27 கட்டங்கள். சந்தியாகோவுக்கான பிரெஞ்சு வழி 780 கி.மீ. அளவு, அதை முடிக்க ஐந்து கிழமை வேண்டும். இங்கிருந்து போகிற பெரும்பாலானவருக்குக் கிடைப்பது இரண்டு கிழமை லீவு. எனவே ஒப்பிட வேண்டியது இரண்டின் கடைசித் துண்டுகளைத்தான்.

சந்தியாகோ பக்கம் சாரியாவில் தொடங்குகிறார்கள்: 115 கி.மீ. போர்த்தொமாரின் வரை 22, பலாஸ் தெ ரேய் வரை 25, அர்சூவா வரை 29, பெத்ரோசோ வரை 19, பிறகு சந்தியாகோ 20. ஐந்து நாள் போதும். அர்சூவா நாளை மெலிதேயில் முறித்து ஆறாக்கினால் கால் நன்றி சொல்லும். மெலிதேயில் பேய்க்கணவாயை அவித்து, வெட்டி, மிளகாய்த்தூளும் ஒலிவ எண்ணெயும் போட்டு மரத்தட்டில் தருவார்கள். திருகோணமலைக்காரருக்கு அந்த ஒரு சாப்பாடு அந்நியமாகத் தெரியாது. யாத்திரையை முடித்ததற்கான கொம்போஸ்தெலா சான்றிதழுக்குக் குறைந்தது 100 கி.மீ. நடக்க வேண்டும், இந்தக் கடைசித் துண்டில் யாத்திரை அட்டையில் நாளொன்றுக்கு இரண்டு முத்திரை வேண்டும். கோயிலிலும் விடுதியிலும் தேத்தண்ணிக் கடையிலும் குத்தித் தருவார்கள். காலையில் ஒன்று, படுக்கிற இடத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பிசகாது.

மன்ரேசா பக்கம் அதற்கு ஈடான துண்டு வெர்தூவிலிருந்து. புனித பீற்றர் கிளேவர் பிறந்த ஊர் அது. பார்சலோனாவிலிருந்து தாரெகா வந்தால் வெர்தூ அருகில்தான். முதல் நாள் செர்வேரா, 17 கி.மீ. அடுத்த நாள்தான் பொறி: செர்வேராவிலிருந்து இகுவலாடா 38 கி.மீ. அளவு, நடுவில் ஒரு மேடும் உண்டு. பட்டியலில் ஒரே நாளாகப் போட்டிருப்பதை நம்பி இறங்குகிறவர், மதியத்துக்குப் பிறகு கால் இழுக்க, இருட்டில் ஊர் சேருவார். அடுத்த நாள் மலை ஏற வேண்டியிருக்கும். மேட்டின் மேலே லா பனதேயா என்ற வழியோர இடத்தில் தங்கி இரண்டாக முறிப்பதுதான் புத்தி. இகுவலாடாவிலிருந்து மொன்செராத் 27 கி.மீ.; மடாலயம் கடல் மட்டத்திலிருந்து 720 மீற்றர் அளவில் இருக்கிறது. கடைசி நாள் மன்ரேசாவுக்கு 25 கி.மீ. அளவு, பெரும்பாலும் இறக்கம். கால் நகத்தை முன்கூட்டியே ஒட்ட வெட்டாதவருக்கு அன்று பெருவிரல் நகம் கறுக்கும்.

முழு 675ஐயும் நடக்கத் துணிகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. சராகோசாவைத் தாண்டியதும் மொனெக்ரோஸ் வறள்நிலம். நிழலுக்கு ஒரு மரம் தேடிக் கண் பூத்துப்போகும். வெந்தா தெ சாந்தா லூசியா என்று ஒரு கட்டத்தின் முடிவில் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. அங்கிருந்து அடுத்த ஊரான புகராலோசுக்கு வாகனம் பிடித்து, மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து தொடர்கிறார்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் இல்லாமல் அந்தப் பகுதியில் கால் வைக்கக் கூடாது.

வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம்

சந்தியாகோவுக்குப் போகிறவர் மேற்கே நடக்கிறார். காலை வெயில் முதுகில். மன்ரேசாவுக்குப் போகிறவர் கிழக்கே நடக்கிறார். ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை சூரியன் நேரே கண்ணுக்குள். முன்விளிம்பு அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அங்கே ஆடம்பரம் அல்ல. ஒரு குழப்பமும் உண்டு: மன்ரேசா வழியின் அடையாளம் செம்மஞ்சள் அம்பு. அதே பாதையில் பல இடங்களில் மஞ்சள் அம்பு எதிர்த்திசையைக் காட்டும்; அது சந்தியாகோவுக்குப் போகிறவருக்கு. வெயிலில் நிறம் வெளுத்த அம்பைப் பார்த்து வந்த வழியே திரும்புவது நடக்கிற காரியம்.

காற்று மட்டும் மன்ரேசா நடையருக்குத் துணை. எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வடமேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்றுக்குச் சியெர்சோ என்று பெயர். நம்மூர்க் கச்சானைப் போல உதட்டை வெடிக்க வைக்கும். ஆனால் குளிர்க் காற்று. லொக்ரோன்யோவிலிருந்து சராகோசா வரை முதுகில் தள்ளிவிடும். எதிர்த்திசையில் போகிறவர் பாடு வேறு.

சந்தியாகோ பக்கம் மழை நாடு. மே மாதத்திலும் விடியற்காலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும். மார்கழி வாடையையே குளிர் என்று போர்வை தேடுகிற நாம் இதைக் குறைத்து மதிப்பிடுகிறோம். முதுகுப்பையையும் சேர்த்து மூடுகிற மழையங்கி அங்கே அவசியம், குடை பயன்படாது. இரண்டு வழிக்கும் நல்ல காலம் சித்திரை பிற்பகுதியிலிருந்து வைகாசி முடிய, அல்லது புரட்டாதி. ஆடி ஆவணியில் எப்ரோ பக்கம் போகவே கூடாது.

படுக்கையும் விசாவும்

சந்தியாகோ வழியின் பெரிய பலம் படுக்கை. ஐந்தாறு கி.மீ.க்கு ஒரு தங்குமடம், சாமானை அடுத்த ஊருக்குக் காரில் அனுப்பும் சேவை, மொழி தெரியாவிட்டாலும் வழி சொல்ல ஆட்கள். பலவீனமும் அதேதான். 2024இல் சான்றிதழ் பெற்றவர்கள் ஐந்து இலட்சத்தைத் தொட்டுவிட்டார்கள். அதில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு சாரியாவில் தொடங்கிய கூட்டம். தியானத்துக்குப் போனவருக்குத் திருவிழாச் சந்தை கிடைக்கும். மூட்டைப்பூச்சியும் கிடைக்கலாம். மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பையை வையுங்கள். பையைக் கட்டிலில் வைக்கவே வேண்டாம்.

மன்ரேசா வழியில் ஊருக்கு ஓரிரண்டு இடம்தான். முன்கூட்டியே சொல்லி வைக்காமல் போக முடியாது. இது குறைபோலத் தெரியும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இதுவே வசதி. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். சந்தியாகோ இருக்கிற கலீசியா மாநில அரசின் தங்குமடங்கள் முற்பதிவு எடுப்பதில்லை. முந்தி வந்தவருக்கு முந்தி. அவற்றை நம்பி விண்ணப்பம் போட்டால் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இராது. எனவே சந்தியாகோ போகிறவர் தனியார் விடுதிகளை நாளுக்கு நாள் பதிந்து, அதன்படியே நடக்க வேண்டியிருக்கும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். பங்குத்தந்தையின் கடிதத்தில் வெறுமனே ‘நல்ல கத்தோலிக்கர்’ என்று எழுதாமல், எந்த வழி, எந்த நாள் தொடக்கம், எந்த நாள் முடிவு என்று எழுதி வாங்குங்கள்; விண்ணப்பத்திலுள்ள நாட்களோடு அது பொருந்த வேண்டும்.

சாப்பாடு இரண்டு பக்கமும் ஒரே கதை. மதிய உணவு ஒன்றரைக்கு முன், இரவு உணவு எட்டரைக்கு முன் பல இடங்களில் கிடையாது, ஞாயிறு பெரும்பாலும் கடை பூட்டு. சனி மாலையே பாணும் பாற்கட்டியும் வாங்கி வைக்கவும்.

மடு: ஒத்திகையா, போட்டியா

இரண்டுக்கும் நடுவில் மடு மாதா கோயிலை வைப்பதற்குக் காரணம் பக்தி மட்டும் அல்ல. மூன்று நாள் அடுத்தடுத்து நடந்து பார்க்காதவர் விசாவுக்குக் காசு கட்டக் கூடாது. உப்புவெளி மணலில் மாலை நடை ஒத்திகை ஆகாது. அங்கே கால் புதையும், தார் ரோட்டில் கால் அடிபடும். நகரத்திலிருந்து நிலாவெளி போய்த் திரும்பினால் 28 கி.மீ. அளவு. பையில் உடல் எடையின் பத்தில் ஒரு பங்கு சுமையோடு அதைச் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள்.

செருப்பில் வளர்ந்த நம் பாதம் முன்பக்கம் அகன்றது. ஒடுங்கிய சப்பாத்தில் சுண்டுவிரல்தான் முதலில் போகும். மாலையில், கால் வீங்கிய நேரத்தில், மேசும் (காலுறை) போட்டுக்கொண்டு அளவு பார்த்து வாங்க வேண்டும். வழக்கத்தைவிட அரை அளவு கூட. பருத்தி மேசு வியர்வையைப் பிடித்து வைக்கும். ஈரமும் சூடும் உராய்வும் சேர்ந்தால் கொப்பளம். ஓரிடத்தில் சுள்ளென்று சூடு தெரிகிற அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், ‘அடுத்த சந்தியில் பார்ப்போம்’ என்றால் முடிந்தது. இதில் நமக்கு ஒரு நன்மை: திருகோணமலைப் புழுக்கத்தில் கொப்பளிக்காத கால் ஸ்பெயினில் கொப்பளிப்பது அரிது.

திருகோணமலையிலிருந்து பன்குளம், ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக மடு 140 கி.மீ. அளவு வரும், சாரியாத் துண்டைவிட நீளம். ஆனால் ஸ்பெயினின் முதல் விதி இங்கே தலைகீழ். அங்கே வெயிலுக்குப் பயந்து இருட்டோடு புறப்படச் சொல்வார்கள். இங்கே மொறவெவ, ஹொரவப்பொத்தானைப் பக்கம் இருட்டில் நடக்கவே கூடாது. யானை ரோட்டைக் கடக்கிற நேரம் அதுதான். நன்றாக விடிந்த பிறகு தொடங்கி, பத்தரைக்கு நிழலில் ஒதுங்கி, மூன்றரைக்கு எழும்பி, பொழுது சாய முன் ஊருக்குள் சேர வேண்டும். ஒரு நாளில் 22 கி.மீ.க்கு மேல் வேண்டாம். பின்னால் ஒரு முச்சக்கர வண்டியோ வானோ தண்ணீரோடு வர வேண்டும். ஜீவனிப் பொதிகள் (உடல் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) ஆளுக்கு நாலைந்து. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு பொதி. உறைப்புக்காகக் குறைந்த தண்ணீரில் கலக்கிக் குடித்தால் வயிறு போகும்.

குழு இல்லாதவர் வவுனியா வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பறயனாலங்குளம், மடு றோட் சந்தி வழியாக 45 கி.மீ. அளவை இரண்டு மூன்று நாளில் நடக்கலாம். சந்தியிலிருந்து கோயிலுக்கு உள்ளே 12 கி.மீ. காட்டு ரோட்டு. கடைசி நாளுக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டால் காலையிலேயே மாதாவின் முன் நிற்கலாம். ஆவணித் திருவிழா 15ஆம் தேதி. கூட்டமும் வெயிலும் உச்சம். ஒத்திகைக்காகப் போகிறவருக்கு ஆடி 2 திருவிழா கழிந்த பிறகான சாதாரணக் கிழமை நாட்கள் நல்லது.

யாருக்கு எது

தனியாக, முதல் தடவை, ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாமல் போகிறவருக்குச் சாரியா. வழி தவறினாலும் கூட்டம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஞானஒடுக்கம் என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு, குருவோடு ஆறேழு பேராகப் போகிற குழுவுக்கு, வெர்தூவிலிருந்து மன்ரேசா. அந்த 27 கட்டங்களும் இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளோடு இணைத்தே வகுக்கப்பட்டவை. அவர் சபையார் பல தலைமுறை பணியாற்றிய மறைமாவட்டம் நம்முடையது. 1947 முதல் 1974 வரை இங்கே ஆயராக இருந்த இயேசு சபைக் கிளெனி ஆண்டகைக்கும் இக்னேசியஸ் என்றுதான் பெயர். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு நொண்டிக் காலின் தடம் எங்கள் பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது என்றால், மலிவான படுக்கையை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது சரியாகப் படவில்லை.

ஆண்டையும் பார்க்க வேண்டும். யாகப்பர் திருநாளான யூலை 25 ஞாயிறில் வந்தால் சந்தியாகோவில் யூபிலி ஆண்டு, அடுத்தது 2027. அந்த ஆண்டு சாரியாவில் படுக்கைக்குப் போட்டி இன்னும் மோசமாகும். கூட்டத்தோடு கூட்டமாய்ப் புனித வாசல் வழியே நுழைய விரும்புகிறவர் தை மாதத்துக்கு முன்பே எல்லாவற்றையும் பதிந்துவிட வேண்டும். மற்றவர்கள் அந்தச் சித்திரையில் வெர்தூவுக்குப் போகட்டும்.